நாத்தனா கடிக்கலை

கடிக்கலை. நம்புத்தாய் பொந்துக்குள் கையை விட்டு ஒரு மூச்சு பொறுத்தாள், துணி சுற்றின விரல்களை ஆட்டிக் காட்டினாள், இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டாள், முழங்கை வரைக்கும் போயாச்சு, அப்பவும் கடிக்கலை. தூங்குறாளோ என்னமோ. அட, வெயில் இம்புட்டு ஏறின பிறகு எந்த மீனு தூங்கும். வேற பொந்துல கைய விட்டுட்டமோ என்று நீருக்குள் முகத்தை வைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அதே பாறைதான், வாய் உடைஞ்ச பானை மாதிரி மேல்விளிம்பு போன அதே பொந்துதான். நேத்தா முந்தாநாளா பார்த்துப் பழகினது, மூணு மழைக்காலம் தாண்டிப் பார்த்துப் பழகினது. இந்தப் பொந்தில் ஒரு மீன் உண்டு. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், உடம்பெல்லாம் மஞ்சள், கண்ணிலிருந்து முதுகு வழியே ஒரு நீலக்கோடு, கோடு முடிகிற இடத்தில் மை வைத்த மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. ஆழத்துக்கும் போகாது, அமைதியான தண்ணிக்கும் போகாது. அலை வந்து உடைகிற இடத்தில், இடுப்பளவுத் தண்ணியில், மனுசரே நிற்க முடியாமல் தள்ளாடுகிற இடத்தில், ஒரே ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு, இது என் வீடு, எவ வந்தாலும் கடிப்பேன் என்று நிற்கும். பாசி எடுக்கக் கையை நீட்டினால் போதும், பாய்ந்து வந்து சுருக்கென்று ஒரு கடி. ரத்தமெல்லாம் வராது, ஆனால் சொல்லிக்காட்டின மாதிரி இருக்கும். அதனால்தான் நம்புத்தாய் அதுக்கு நாத்தனா என்று பேர் வைத்தாள். வைத்த அன்றைக்கு, பக்கத்தில் நின்ற அவளுடைய நிஜ நாத்தனா பூமயிலு, புருசனோட கூடப்பிறந்த அக்கா, சிரித்த சிரிப்பில் தண்ணிக்குள்ளேயே விழப் பார்த்தாள். “அடிப் பாதகத்தி, நான் உன்னைய எப்படி கடிச்சேன்?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அப்புறம் வத்தைப் படகில் கூட வருகிற பாசிப் பொம்பளைகள் அத்தனை பேருக்கும், பொந்தைக் கண்ணால் பார்க்காமலே, பேச்சில் அந்த மீன் நாத்தனா ஆகிப்போனது.

அந்தப் பூமயிலு இப்போதும் பின்னால்தான் நிற்கிறாள், ரெண்டு எட்டு தள்ளி, கடலைப் பார்த்துக்கொண்டு. இந்தத் தொழிலில் அப்படித்தான், ஒருத்தி குனிந்தால் ஒருத்தி நிமிர்ந்து நிற்க வேண்டும். தீவின் உள்பக்கம் தண்ணி அமைதியாகக் கிடக்கும், அங்கே எட்டுப் பேர் சேர்ந்தும் எடுக்கலாம், பேசிக்கொண்டும் எடுக்கலாம். ஆனால் நல்ல மரிக்கொழுந்துப் பாசி கிடக்கிறது இங்கே, வெளிப்பக்கம், அலை உடைகிற பாறைப் பார் மேலே. இங்கே குனிந்தவளுக்கு முதுகுதான் கடல் பக்கம். பெரிசாய் ஒன்று எழும்பி வந்தால் நிற்கிறவள் கூப்பிடுவாள், குனிந்தவள் பாறையை இறுக்கிப் பிடித்துத் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். கூப்பிடுகிறவள் அலை என்று சொல்லவே கூடாது. கடலில் நின்றுகொண்டு அலை என்று சொன்னால், நம்மளைத்தான் கூப்பிடுறாக என்று இன்னும் நாலு வருமாம். அதனால் ஆளின் பேரையோ முறையையோ சொல்லித்தான் கூப்பிடுவது. கூப்பிட்டால் பிடி, திரும்பிப் பார்க்காதே. பூமயிலு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றுதான். திரும்பிப் பார்க்கிற நேரத்துக்குள் அது மேலே வந்து விழுந்திருக்கும், அப்புறம் பிடிக்கக் கை இருக்காது, தலைதான் பாறையில் போய் மோதும். நம்புத்தாய் ஒரு நாளும் திரும்பினதில்லை. பூமயிலு மதினி கூப்பிட்டால் விரல் தானாகப் பாறையைத் தேடும், அவள் நினைக்க வேண்டியதே இல்லை.

நாத்தனா எங்கேதான் போயிருப்பா. போன தடவை பொந்தின் உள்சுவரில் முட்டை வைத்திருந்ததே, கேழ்வரகு மாவை அப்பினது போல ஒரு திட்டு, அதைத் துடுப்பால் விசிறி விசிறி விட்டுக்கொண்டு, அன்றைக்கு ஆங்காரம் கூட, கடித்த இடத்தையே திரும்பத் திரும்பக் கடித்தது. முட்டையை விட்டுவிட்டு எங்கேயும் போகாதே. நம்புத்தாய் விரலால் அந்தச் சுவரைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. கையை வெளியே எடுத்தாள், நீருக்குள் பால் கலந்த மாதிரி கொஞ்சம் வெள்ளை கலைந்து போயிற்று. பொந்தின் வாசலில் கிடந்த பாசியைப் பார்த்தாள். அங்கே கிடக்கிற பாசியை அவள் எப்போதுமே முழுசாய் எடுக்க மாட்டாள், ஒரு பிடி விட்டுத்தான் எடுப்பாள், நாத்தனா வீட்டு வாசலை வழித்துக்கொண்டு போகக் கூடாது. அந்த ஒரு பிடியும் வெளுத்து, இழுத்தால் நூலாய்ப் பிரிந்து வந்தது. பக்கத்துப் பொந்திலும் அப்படித்தான். அதுக்கு அடுத்ததிலும். கல்லிடுக்கில் சின்ன நண்டு ஒன்று மல்லாந்து கிடந்தது. அதுக்குக் கீழே, சிவப்பாய், கூர்மூக்கு வைத்த ஒரு பிளாஸ்டிக் மூடி. மருந்து அடிச்சிருக்கான். கலர்மீன் பிடிக்கிறவன் வந்திருக்கான். குப்பியில் மருந்தைக் கலந்து பொந்துக்குள் பீய்ச்சினால் உள்ளே இருக்கிறதெல்லாம் மயங்கி வெளியே வரும், அள்ளிப் பையில் போட்டு ஊதிக் கட்டி அனுப்பிவிடுவான், யார் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கோ. வராமல் உள்ளேயே கிடக்கிறது செத்துப்போகும். பாசியும் செத்துப்போகும். அது கிடக்கட்டும், அவனுக்கு இந்த இடம் எப்படித் தெரிஞ்சது.

“நம்பு!”

விரல் பாறையைப் பிடித்துவிட்டது. தலை கவிழ்ந்தது. முதுகின் மேல் அது விழுந்து, முழுக்கி, இழுத்து, விட்டுவிட்டுப் போயிற்று. காதுக்குள் கொய்யென்றது. மூக்கில் ஏறின உப்பைச் சீந்தினாள். ஊரில் எல்லாருக்கும் இந்தப் பேர்தான், ஊர்ச்சாமி நம்பு நாயகி ஆத்தா பேர், வீட்டுக்கு ஒரு நம்புராசன், ஒரு நம்புத்தாய். உள்ளூரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதினவன்தான் சிரித்தான், நம்புன்னா நம்பணுமாம்மா என்று. புருசன் கட்டிலில் மஞ்சளாய்க் கிடந்த நேரம், அவளுக்குச் சிரிக்கவும் வரவில்லை, திட்டவும் வரவில்லை. மதினிதான், “ஆமாப்பா, நம்புனா நம்பு, நம்பாட்டிப் போ, மொதல்ல சீட்டக் குடு” என்று ஒரு போடு போட்டாள். அந்த மதினி. அந்த மதினியா.

இன்னிக்கு அங்கிட்டு வேணாமே நம்பு, என்றாளே காலையில். வத்தை தீவை நெருங்கும்போது சொன்னாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். ஏன் மதினி, என்றதுக்கு, காத்து சரியில்ல, என்றாள். காத்துக்கு என்ன வந்தது, காத்து நல்லாத்தானே இருக்கு, இப்பவும் நல்லாத்தான் இருக்கு. சரி, வயசாச்சு, முட்டி வலிச்சிருக்கும், உள்பக்கமே எடுத்துட்டுப் போவோம்னு நினைச்சிருப்பா. முட்டி வலிச்சா முட்டி வலிக்குதுன்னு சொல்றவதானே அவ, அதையும் ஊரைக் கூட்டிச் சொல்றவதானே. காத்து மேல ஏன் பழியப் போட்டா. கலர்மீன்காரனுக்கு இந்த இடத்தை வத்தை ஓட்டுறவன் சொல்லியிருக்கலாம், அவன் வத்தையை உள்பக்கம் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறவன், இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மற்றப் பொம்பளைகள் பார்த்திருக்கலாம். எங்கே பார்த்தார்கள், சுற்றிக்கொண்டு வருகிறதுக்கே பயப்படுவார்களே. இந்தப் பொந்து வரிசையைக் கண்டுபிடித்தவள் நம்புத்தாய், காட்டினது ஒரே ஒருத்திக்கு. காட்டின அன்றைக்கு மதினி தண்ணிக்குள் நின்றபடியே ஈரக்கையை நீட்டி, “ஆத்தா மேல சத்தியமா யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்றாள். சத்தியத்தை யார் கேட்டது. கேட்காமலே ஏன் சத்தியம் பண்ணினாள். சே, என்ன நினைப்பு இது. சந்தோசத்தில் பண்ணினாள். அன்றைக்கு அவள் மனசில் ஒன்றுமில்லை. அன்றைக்கு இல்லை. மதினி மகளைக் கட்டின மருமகன் சதாசிவம் அப்போது கொத்தனார் வேலைக்கல்லவா போய்க்கொண்டிருந்தான். கலர்மீன் ஏவாரி ஒருத்தனிடம் அவன் சேர்ந்தது இந்த மாசிக்கு முன்னாடி. சேர்ந்த சேதியைப் பூமயிலு சொல்லவில்லை. அவள் எல்லாவற்றையும் சொல்லுவாள், கோழி அடைகாத்ததைச் சொல்லுவாள், மகள் குழம்பில் புளி கூடிப்போனதைச் சொல்லுவாள், இதைச் சொல்லவில்லை. நம்புத்தாய் கடைத்தெருவில் வேற வாயால் கேட்டாள். கேட்டதும், மறந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். எதுக்குத்தான் நான் இப்படி விட்டுவிடுகிறேன்.

பொந்துக்குள் மறுபடியும் கையை விட்டாள். கடியேன். ஒரு தடவை கடிச்சுட்டுப் போயேன், உனக்குப் புண்ணியமாப் போகட்டும், நான் எல்லாத்தையும் மறந்துபோறேன். வெறும் தண்ணி வந்து விரலில் இடித்தது. புருசன் முத்திருளன் மண்ணுக்குப் போன அன்றைக்கு வீட்டில் கூட்டம் போட்டார்கள். பொறந்த வீட்டுக்கு அனுப்பிச்சுரலாம், பிள்ளை குட்டி இல்ல, இங்க இருந்து என்ன செய்யப்போவுது, என்று கொழுந்தன் ஒருத்தன் சொன்னான். நம்புத்தாய் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பூமயிலு எழுந்து நின்று முந்தானையை இழுத்துச் சொருகினாள். “எவன்டா அவன்? நம்பு எங்கயும் போகல. நாளன்னிக்கு எங்கூட கடலுக்கு வாரா. எந்தம்பி வீட்டு வெளக்கு இங்கதான் எரியும்.” கொழுந்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அன்றைக்குத் திறந்த வாய் இது. இந்த வாய்தான் மருமகனிடம் போய், தீவுக்கு வெளிப்பக்கம், வாய் உடைஞ்ச பொந்து, என்று சொல்லிற்றா. எப்படிச் சொல்லியிருப்பாள். சோறு போடும்போது சொல்லியிருப்பாளா. மகள் அழுதிருப்பாளா, அவருக்கு மீனே கிடைக்கலம்மா, ஏவாரி ஏசுறான், என்று. பெத்தவ மனசு தாங்காமல் வாய் தவறியிருக்கும். வாய் தவறினால் என்னிடம் வந்து சொல்லலாமே. நம்பு, இப்படி ஆகிப்போச்சுத்தா, என்று ஒரு வார்த்தை. நான் என்ன அடிக்கவா போகிறேன். அழுதிருப்பேன், ரெண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். இது அதைவிடக் கேவலமல்லவா, கூடவே வந்து, கூடவே உட்கார்ந்து, வத்தையில் தன் வெஞ்சனத்தில் இருந்த பொரிச்ச மீனையும் எடுத்து என் சோற்றில் வைத்து, “சாப்புடுத்தா, எளச்சுட்டே” என்று.

“நம்பு!”

பிடித்தாள். இந்தத் தடவை பிடிக்கிறதுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது, அவளுக்கே தெரிந்தது, விரல் ஒரு கணம் யோசித்தது. அலை முதுகை அறைந்து, கால் பாறையில் உரசி, கெண்டைக்கால் எரிந்தது. பயம் அப்போதுதான் வந்தது. ஒருநாள் கூப்பிடாமல் விட்டால். ஐயோ, அப்படிச் செய்ய மாட்டாள், என்ன இருந்தாலும் அப்படி இல்லை. என்ன இருந்தாலும் என்றால் என்ன. நேத்து வரைக்கும் இந்த என்ன இருந்தாலும் இல்லையே. முன்னே வத்தையில் கூட வந்துகொண்டிருந்த செவ்வந்தி நினைப்பு வந்தது. அவளும் இந்தப் பக்கம்தான் எடுத்தாள், கூட்டுக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டு தனியாய் வந்தாள், சாயங்காலம் உள்பக்கத் தண்ணியில் மிதந்தாள், நெத்தி பிளந்து. அதற்குப் பிறகு தனியாய் யாரையும் வத்தையில் ஏற்றுவதில்லை. ஜோடி இருந்தால் ஏறு, இல்லாவிட்டால் வீட்டில் இரு. எல்லாருக்கும் ஜோடி இருக்கிறது. ஒருத்தியும் தன் ஜோடியை விட்டுவிட்டு நம்புத்தாய்க்காக வரப்போவதில்லை. இதைக் கேட்டுவிட்டால், மதினி நீங்கதானே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அவள் ஆமாம் என்றாலும் போச்சு, இல்லை என்றாலும் போச்சு. கடலும் போச்சு, அந்த வீட்டில் எரிகிற விளக்கும் போச்சு. பொறந்த வீட்டில் அண்ணன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார முடியும். அதனால் கேட்கக் கூடாது. தெரிந்துகொள்ளவே கூடாது. ஏவாரி ஆள் தானாகவே சுற்றி வந்து பார்த்திருப்பான், அவனுக்கும் கண் இருக்கிறதல்லவா, கடல் என்ன என் பேருக்கா எழுதிக் கிடக்கு. ஆமா, அப்படித்தான். அப்படித்தான் என்று முடித்துவிட்டு அந்தச் சிவப்பு மூடியை எடுத்து இடுப்புப் பைக்குள் போட்டாள். எதுக்குப் போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“போதுந்தா, ஏறி நில்லு. நான் குனியிறேன்.” பூமயிலு வந்து பக்கத்தில் நின்றாள். ஆம்பளைச் சட்டை உடம்போடு ஒட்டி, கண்ணாடியை நெத்தியில் ஏற்றிவிட்டு, எப்போதும் போலத்தான் இருந்தாள். நம்புத்தாயின் இடுப்பைப் பார்த்தாள். “என்னத்தா, பை இம்புட்டுத்தானா?”

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். “நாத்தனா கடிக்கலை மதினி” என்று வாயில் வந்துவிட்டது.

பூமயிலு சிரிப்பாள் என்று பார்த்தாள். கடிக்கலியா, புத்தி வந்துருச்சோ, என்பாள். சுருக்குப் போட்டுருவோம் அவளுக்கு, என்பாள். இந்த ஒரு கேலியை எத்தனையோ விதமாய்ப் பேசியாயிற்று, இன்னும் சலித்ததில்லை. பூமயிலு விரலில் துணியைச் சுற்ற ஆரம்பித்தாள், ஏற்கெனவே சுற்றியிருந்ததை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். “எங்கிட்டாச்சும் போயிருக்கும்” என்றாள்.

“அது எங்கயும் போகாதே மதினி. முட்டை வச்சிருந்துச்சு.”

“மீனுதானே நம்பு.”

மீனுதானே. நம்புத்தாய் அதை வாங்கிக்கொண்டு மேட்டுப் பாறையில் ஏறிக் கடலைப் பார்த்து நின்றாள். மீனுதான். யாரு இல்லேன்னா. பூமயிலு குனியப் போனாள், வாய் உடைந்த பொந்துக்குப் போகவில்லை, அதைத் தாண்டி, அடுத்ததையும் தாண்டி, கடைசிப் பாறைக்குப் போய்க் குனிந்தாள். அங்கே பாசி நல்லாயிருக்கும் என்று போயிருக்கலாம். அங்கே மட்டும்தான் பாசி இருக்கும் என்று குனிந்து பார்க்காமலே எப்படித் தெரியும். வேண்டாம், நினைக்காதே, கடலைப் பாரு, நிற்கிறவளுக்குக் கடல்தான் வேலை. கண்கூச வெயில் கொட்டிக் கிடந்தது. சின்னது ஒன்று வந்து காலை நனைத்துவிட்டுப் போயிற்று. இன்னொன்று. முதுகெலும்பு தெரிகிற அந்த முதுகைப் பார்த்தாள், புருசனுக்கும் இதே முதுகு, தோள்பட்டைக்குக் கீழே ஒரே மாதிரி குழி. அவரைக் குளிப்பாட்டும்போது ரெண்டு பேரும்தான் சேர்ந்து தேய்த்துவிட்டார்கள். கோபம் வந்தது. மீன் மேலேயும் இல்லை, சதாசிவம் மேலேயும் இல்லை, அந்த முதுகின் மேல், எப்படித்தான் மனசு வந்துச்சு என்று கேட்கத் தெரியாத கோபம். அதற்குள் தூரத்தில் தண்ணி கறுத்து, மடிந்து, ஒரு வரப்பு போல எழும்புவதைப் பார்த்தாள். பெரிசு. காலையிலிருந்து வந்ததிலெல்லாம் பெரிசு. கூப்பிட வாயைத் திறந்தாள், கூப்பிடவில்லை. நான் கூப்பிடாவிட்டால். அப்படி ஒன்று தனக்குள்ளும் இருக்கிறதா. அட பாவி நம்பு. நேரம் இருந்தது, நிறையவே இருந்தது.

“மதினீ!”

கூப்பிட்டால் பிடி, திரும்பிப் பார்க்காதே. இதைச் சொல்லிக்கொடுத்தவள் அவள். நம்புத்தாய் கடலுக்கு வந்த நாளிலிருந்து, எத்தனை கூப்பாட்டுக்கும் ஒரு தடவை திரும்பாத தலை அது. திரும்பிற்று. கை பாறையை விட்டுவிட்டது, கண்ணாடியை மேலே ஏற்றிற்று. பூமயிலு அலையைப் பார்க்கவில்லை. நம்புத்தாயின் முகத்தைப் பார்த்தாள். நிஜமாத்தான் கூப்பிடுறியா, இல்ல, தெரிஞ்சுக்கிட்டுக் கூப்பிடுறியா, என்று கேட்கிற பார்வை. வேறே ஒருத்திக்கும் இந்தப் பார்வை புரிந்திருக்காது. குத்தம் பண்ணாதவளுக்குத் திரும்ப வேண்டிய அவசியமே இல்லையே. ஐயோ மதினி, ஏன் திரும்பினீங்க. நான் தெரிஞ்சுக்காமலே இருந்திருப்பேனே, திரும்பாம இருந்திருந்தா செத்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேனே.

அலை பூமயிலைத் தூக்கிப் பாறையில் எறிந்தது. நம்புத்தாய் எப்படிக் குதித்தாள், எதைப் பிடித்தாள் என்று அவளுக்குத் தெரியாது. சட்டைக் காலர்தான் கையில் கிடைத்தது. இழுத்தாள். திரும்பி ஓடுகிற தண்ணி ரெண்டு பேரையும் கீழே இழுத்தது, காலை இடுக்கில் கொடுத்து முட்டி கழன்றுபோகிற அளவுக்கு நின்று இழுத்தாள், மேட்டுக்குக் கொண்டுவந்து சாய்த்தாள். நெத்தியில் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது, பெரிய காயமில்லை. பூமயிலு இருமினாள், குடித்த தண்ணியைக் கக்கினாள், மூச்சு வாங்கினாள். நம்புத்தாய் தன் விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து அந்த நெத்தியில் வைத்து அழுத்தினாள். அவிழ்க்கும்போது இடுப்புப் பை சரிந்து, சிவப்பு மூடி வெளியே விழுந்து, ரெண்டு பேருக்கும் நடுவில் பாறைப் பள்ளத்துத் தண்ணியில் மிதந்தது. பூமயிலு அதைப் பார்த்தாள். என்னது என்று கேட்கவில்லை. யாருது என்று கேட்கவில்லை. நம்புத்தாய் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், அழுகை வந்தது, உப்புத்தண்ணி வழிகிற முகத்தில் அது தெரியப்போவதில்லை.

பூமயிலு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். உதடு ரெண்டு மூணு தடவை அசைந்தது.

“நம்பு” என்றாள்.

நம்புத்தாய் வெடுக்கென்று திரும்பிக் கடலைப் பார்த்தாள். அலை ஒன்றும் வரவில்லை.